அவள் கையில் எவ்வளவு காசு?

வாசகர் கேள்வி – பதில்

ஆண்கள் எழுதிய நாவல்களில் வரும் பெண்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பெங்களூருத் தமிழர்கள் தமிழோடு கன்னடத்தையும் சேர்த்தே வாசிக்கிறார்கள் என்பது கடிதங்களிலேயே தெரிந்தது. ரஷ்ய நாவல்களில் தொடங்கியவர்கள்கூட கன்னட நாவலாசிரியர்களான பைரப்பாவிடமும் காரந்த்திடமும் வந்து நின்றிருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

எம்மா பொவாரி, அன்னா கரீனினா, கருத்தம்மா மூவருமே கடைசியில் செத்துப்போகிறார்கள். கோடு தாண்டிய பெண்ணைக் கொன்றால்தான் ஆண் எழுத்தாளருக்கு நிம்மதியா?
– வாசகி, அல்சூர்

பட்டியலை இன்னும் நீட்டலாம். தாமஸ் ஹார்டியின் டெஸ் (1891) தூக்கில் தொங்குகிறாள். ஜெர்மானியரான ஃபோன்டானேயின் எஃபி பிரீஸ்ட் (1895) நோயில் உருகிப் போகிறாள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் செத்தாளா, பிழைத்தாளா என்று மட்டும் பார்த்தால் நல்ல நாவலும் மோசமான நாவலும் ஒரே தட்டில் விழுந்துவிடும். அந்தச் சாவு எத்தனை பக்கமாகத் தயாராகி வந்தது என்று பாருங்கள்.

ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யில் எம்மாவைக் கொன்றது கடன். துணிக்கடைக்காரன் லெரோ முதலில் திரைச்சீலையும் பட்டும் கொண்டுவருகிறான். பணம் மெதுவாகக் கொடுத்தால் போதும் என்கிறான். பிறகு கடன் பத்திரம். தவணை வந்ததும் பழைய பத்திரத்தைப் புதுப்பித்து வட்டியைச் சேர்க்கிறான். கணவனின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்தையும் எம்மா தன் பெயருக்கு வாங்கும்படி செய்கிறான். முடிவில் கோர்ட் நோட்டீஸ் வருகிறது: 24 மணி நேரத்தில் 8,000 ஃபிராங்க் கட்ட வேண்டும். அவள் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். பழைய காதலன் ரொதோல்ஃபிடம் 3,000 கேட்கிறாள். தன்னிடம் இல்லை என்கிறான். அதன் பிறகுதான் மருந்துக்கடைக்காரர் வீட்டில் இருக்கும் ஆர்சனிக். 1857இல் ஃப்ளோபேர் மீது ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள், விடுதலையானார். வழக்குப் போட்டவர்கள் படுக்கையைப் பார்த்தார்கள். நாவல் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எம்மா செத்த பிறகும் கணக்கு முடிவதில்லை. மகள் பெர்த் பஞ்சாலைக்கு வேலைக்குப் போவதில்தான் முடிகிறது.

டால்ஸ்டாயின் அன்னாவுக்கும் அப்படியே. முதல் பாகத்தில் அவள் ரயிலில் வந்து இறங்கும்போதே ஒரு ரயில்வே ஊழியன் சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறான். ஏழாம் பாகத்துக் கடைசியில் அவள் தண்டவாளத்தருகே நிற்கிறாள். முதல் பெட்டியின் நடுவில் விழ நினைக்கிறாள். கையில் மாட்டியிருந்த சிவப்புப் பையைக் கழற்றுவதற்குள் அந்தப் பெட்டி போய்விடுகிறது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதாகிறது. தண்டனை கொடுக்கிற அவசரத்தில் இருக்கும் எழுத்தாளருக்கு இந்தப் பை கண்ணில் படாது.

கருத்தம்மா விஷயத்தில் எங்கள் வருத்தம் உங்களுடையதேதான். கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலில் இருக்கும் கணவனைக் காப்பாற்றுகிறது என்பது அந்தக் கடற்கரையின் நம்பிக்கையாக நாவலில் வருகிறது. அதை நம்பிக்கையாகவே விட்டிருந்தால் வேறு. தகழியின் மலையாள நாவலான ‘செம்மீன்’ (1956) முடிவில் கடல் அந்த நம்பிக்கையை நிறைவேற்றிக் காட்டிவிடுகிறது. கருத்தம்மா பழைய காதலன் பரீக்குட்டியைச் சந்திக்கும் அதே இரவில் கணவன் பழனி சுறாவின் பின்னால் போய் மீள்வதில்லை. காதலர் இருவர் உடலும் கரை ஒதுங்குகின்றன. குழந்தையை வைத்துக்கொண்டு தங்கை பஞ்சமி நிற்கிறாள். தகழியின் மொழியழகு அத்தனை இருந்தும் ஊர் சொன்னதே சரி என்று கதை முத்திரை குத்திவிடுகிறது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை முடித்த கையோடு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) எடுங்கள். அங்கும் கடற்கரை, அங்கும் கைகூடாத காதல். பிலோமி சாமிதாசை இழக்கிறாள், வீடும் சிதைகிறது. ஆனால் அவள் வாழ்கிறாள். அங்கே கடல் நீதிபதி வேலை பார்ப்பதில்லை.

பெண் பாத்திரம் நன்றாக வந்திருக்கிறது, வரவில்லை என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்? சாதாரண வாசகன் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

இரண்டைப் பாருங்கள்: அவள் கை என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது, அந்தக் கையில் எவ்வளவு காசு இருக்கிறது. அழகு, குணம், தியாகம் எல்லாம் வெளியிலிருந்து எழுதிவிடக்கூடியவை. வேலையையும் காசையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால்தான் எழுத முடியும்.

பிரேம்சந்தின் ‘கோதான்’ (1936) தொடங்கும்போது ஏழை உழவனின் மனைவி தனியா சாணி தட்டிவிட்டு வந்து நிற்கிறாள். வயது 36தான், தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆறு பிள்ளைகளில் மூன்று பேர்தான் மிச்சம். மருந்து வாங்கியிருந்தால் மற்றவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அவள் மனம் சொல்கிறது, தம்பிடிக்குக்கூட வழியில்லை. கடைசிப் பக்கத்தில் புருஷன் ஹோரி சாகும்போது கோதானம் செய்யச் சொல்கிறார்கள். அன்று கயிறு விற்று வந்த 20 அணாவைக் கொண்டுவந்து அவன் குளிர்ந்த கையில் வைக்கிறாள். வீட்டில் பசுவும் இல்லை, பணமும் இல்லை, இதுதான் கோதானம் என்று புரோகிதரிடம் சொல்லிவிட்டு மயங்கி விழுகிறாள். நாவல் முழுவதும் அந்த 20 அணாவில் வந்து சேர்ந்துவிடுகிறது.

பைரப்பாவின் ‘கிருஹபங்க’ (1970) நஞ்சம்மாவும் இந்த ரகம்தான். சானுபோகர், அதாவது கிராமக் கணக்கர், வேலைக்குக் கணக்கு எழுதத் தெரியாத கணவன். கோடு போடுவது முதல் கூட்டல் வரை அவள்தான் எழுதுகிறாள், கையெழுத்து மட்டும் அவன். அது போதாமல் முத்துக இலை, அதாவது நம் புரச இலை, தைத்து விற்கிறாள். பிளேக்கில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, கடைசியில் தானும் அதற்கே பலியாகிறாள். அவளுக்காக வாசகர் அழுவதற்குக் காரணம் அந்தச் சாவு மட்டுமில்லை. சாவதற்கு முன் அவள் செய்த வேலை அத்தனையும் நமக்குத் தெரியும்.

இதையே டால்ஸ்டாயிடமும் பார்க்கலாம், கதாநாயகியை விட்டுவிட்டு அவளுடைய அண்ணன் மனைவி டாலியை எடுத்துக்கொண்டால். ஆறாம் பாகத்தில் அவள் அன்னாவைப் பார்க்கப் போகிறாள். வண்டியில் போகும்போது பதினைந்து வருடக் கல்யாணத்தில் எத்தனை பிரசவம், எத்தனை இரவுக் கண்விழிப்பு என்று எண்ணிப் பார்க்கிறாள். அந்த மாளிகையில் நாகரிகமான பணிப்பெண் முன்னால் தன் ஒட்டுப்போட்ட சட்டையைக் கண்டு கூசுகிறாள். வீட்டில் அதே ஒட்டு அவளுக்குப் பெருமை: ஆறு சட்டைக்கு 24 அர்ஷின் (ரஷ்ய நீள அளவு) துணி வேண்டும், அர்ஷின் 65 கோபெக், மொத்தம் 15 ரூபிளுக்கு மேல் ஆகும், அதை மிச்சம் பிடித்திருக்கிறாள். பெரிய பிரபு, ஆண், ஒரு குடும்பப் பெண்ணின் மனக்கணக்கைத் துணி விலையோடு எழுதுகிறார். எங்கள் வாசிப்பில் ‘அன்னா கரீனினா’வின் உச்சங்களில் இது ஒன்று. பலர் இந்த அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

செய்முறை கேட்டதால் சொல்கிறோம். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: பக்க எண், அவளை யார் பார்க்கிறார்கள், அவள் கை என்ன செய்கிறது, பணம் யாரிடம். அவள் வரும் முதல் 20 பக்கத்துக்கு மட்டும் நிரப்பினால் போதும். இரண்டாவது கட்டத்தில் ஒரே ஆணின் பெயர் திரும்பத் திரும்ப வந்து, மூன்றாவது கட்டம் “கூந்தலை ஒதுக்கினாள்”, “புடவைத் தலைப்பைத் திருகினாள்” என்றே நிறைந்தால் எழுத்தாளர் தூரத்தில் நிற்கிறார் என்று அர்த்தம்.

பைரப்பாவின் ‘வம்சவிருக்ஷ’வில் மறுமணம் செய்துகொள்ளும் காத்யாயினிக்குக் கரு கரைந்துகொண்டே போகிறது. இது எழுத்தாளர் கொடுத்த சாபம்தானே?
– வாசகி, மல்லேஸ்வரம்

பெருமளவுக்கு ஆமாம். அவளுடைய குற்றவுணர்வையும் கர்ப்பப்பையையும் நாவல் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. மனம் உறுத்துகிறது, அதனால் உடல் மறுக்கிறது என்பது கதைக்கு வசதி. நஞ்சம்மாவைத் தின்ற பிளேக் ஊரையே தின்கிறது, யாருடைய ஒழுக்கத்தையும் விசாரிப்பதில்லை. காத்யாயினியின் துன்பம் அவளை மட்டும் தேடி வருகிறது. ஒரே எழுத்தாளரின் இந்த இரண்டு நாவலையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் அந்த நாவலை அதோடு மூடிவிடாதீர்கள். வம்சப் பெருமையின் தூணாக நிற்கும் அவளுடைய முதல் மாமனார் ஸ்ரீனிவாச சுரோத்ரி, தானே அந்த வம்சத்து வித்து இல்லை என்று கண்டுபிடிக்கிறார். காத்யாயினி எந்த வேலிக்காகப் பலியானாளோ அந்த வேலியின் முளையே உளுத்துப்போனது என்று நாவல்தான் நமக்குச் சொல்கிறது. சாபத்தையும் கொடுத்துவிட்டு, சாபத்தின் அடித்தளத்தையும் தோண்டிவிட்டார் பைரப்பா.

அடங்கிப்போகிற பெண்ணைப் படைத்தால் எழுத்தாளர் பிற்போக்கானவர் என்று முடிவுகட்டலாமா?
– வாசகர், ஃபிரேசர் டவுன்

கூடாது. எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸ் கெய்ரோ முத்தொகுதியின் முதல் நாவலை (1956) ஆமினா நடுநிசியில் விழிப்பதோடு தொடங்குகிறார். அலாரம் கிடையாது. கூத்தடித்துவிட்டு வரும் கணவனுக்கு மாடிப்படியில் விளக்குக் காட்ட வேண்டும், அந்தப் பழக்கமே எழுப்பிவிடுகிறது. தெருவை மரச்சாளரத்தின் துளை வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். கணவன் வெளியூர் போன சமயம் பிள்ளைகள் தைரியம் சொல்ல, ஹுசைன் மசூதிக்குப் போகிறாள். கார் மோதிக் காறை எலும்பு முறிகிறது. எலும்பு கூடும்வரை பேசாமல் இருந்த கணவன், குணமானதும் தாய்வீட்டுக்குத் துரத்திவிடுகிறான். ஆமினா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த வீட்டின் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட ஒரு புரட்சிப் பெண்ணால்கூட முடியாது.

கன்னடத்தில் ஆண் எழுதியது ஒன்று, பெண் எழுதியது ஒன்று என்று ஜோடியாக வாசிக்கச் சொல்லுங்கள்.
– வாசகி, காக்ஸ் டவுன்

சிவராம காரந்த்தின் ‘மூகஜ்ஜிய கனசுகளு’ (1968), எம்.கே. இந்திராவின் ‘பணியம்மா’ (1976). இரண்டிலும் குழந்தை விதவையாகி நெடுங்காலம் வாழ்ந்த கிழவி. மூகஜ்ஜி பத்து வயதில் விதவையானவள். பேரன் சுப்பராயன் குகையிலிருந்து எலும்பும் ஓடும் கொண்டுவந்து கையில் கொடுத்தால், அதைத் தொட்டு ஆதிகால மனிதர்களைக் காண்கிறாள்; கடவுள்கள் எப்படிப் பிறந்தார்கள், காமம் எதற்கு என்று கூசாமல் பேசுகிறாள். அவள் வாயில் வரும் பல பேச்சு காரந்த்தின் சொந்தச் சிந்தனை. பேரனின் கேள்விகளுக்கு விடை சொல்லவே அவள் பல பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறாள்.

பணியம்மாவுக்கு அந்த ஞானதிருஷ்டி எதுவும் இல்லை. தலை மழிக்கப்பட்டு, ஒருவேளைச் சாப்பாட்டில், ஊர் வேலையெல்லாம் செய்து வாழ்கிறாள். பிரசவத்தில் தவிக்கும் ஒரு தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணுக்குத் தீட்டுப் பார்க்காமல் கைகொடுக்கிறாள். ஒரு கிழவியின் கையில் ஆண் எழுத்தாளர் வரலாற்றுக்கு முந்தைய எலும்பைக் கொடுத்தார். பெண் எழுத்தாளர் பிறக்கும் குழந்தையைக் கொடுத்தார். காரந்த்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை; விதவைக் கிழவியை ஊரின் மிகப் பெரிய அறிவாளியாக்க 1968இல் பெரிய துணிச்சல் வேண்டும். ஆனால் பணியம்மாவை வாசித்த பிறகு மூகஜ்ஜி சமையலறையில் என்ன செய்தாள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்காகவே ஜோடியாக வாசியுங்கள். அடுத்து திரிவேணியின் ‘சரபஞ்சர’. மனநோய் குணமாகி வீடு திரும்பும் காவேரியை வீடு எப்படி மறுபடி நோயாளியாக்குகிறது என்பது.

மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது பெண் பாத்திரம் எங்கே அடிபடுகிறது?
– வாசகர், இந்திரா நகர்

விளிக்கும் முறையில். அன்னாவும் காதலன் விரோன்ஸ்கியும் ஒரு இடத்தில் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். ரஷ்ய மொழியின் ‘நீங்கள்’ அவர்களுக்கு இடையே சில்லிட்டுப் போகிறது, ‘நீ’ ஆபத்து, யாராவது கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசமே கிடையாது, நம்மிடம் உண்டு. ஆங்கிலம் வழியாக வரும் தமிழாக்கத்தில் இருவரும் முதல் சந்திப்பிலிருந்தே ‘நீ’ என்றால் அந்த இடம் அர்த்தமற்றுப்போகும். வாங்கும் முன் இரண்டு இடத்தைப் புரட்டிப் பாருங்கள்: முதல் பாகத்து நடன விருந்து, இரண்டாம் பாகத்துக் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய தோட்டச் சந்திப்பு. விளி மாறியிருக்க வேண்டும்.

அடுத்தது வசவு. நஞ்சம்மாவின் மாமியார் கங்கம்மா வாயைத் திறந்தால் வசவுதான். அதை “திட்டினாள்” என்று சுருக்கிவிட்டால், மருமகள் தினமும் எதைக் கேட்டுக்கொண்டு கணக்கு எழுதினாள் என்பது போய்விடும்.

கதை முழுக்க ஓர் ஆணின் கண் வழியாகவே போனால் அந்தப் பெண்ணை எப்படி அறிவது?
– வாசகி, ஜெயநகர்

அவனுக்குப் புரியாத இடத்தில் அவள் இருப்பாள். ஜப்பானியர் கவாபாட்டாவின் ‘பனி நாடு’ ஷிமாமுரா என்பவனின் கண் வழியாகவே போகிறது. அதில் கொமாகோ என்ற பெண் தான் வாசித்த கதைகளையெல்லாம் நோட்டில் குறித்துவைத்துக்கொண்டே வருகிறாள். வீண் உழைப்பு என்கிறான் ஷிமாமுரா. கவாபாட்டா எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் அதை அப்படியே விட்டுவிடுகிறார். நோட்டின் கனம் நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. தாகூர் ‘வீடும் வெளியும்’ (1916) நாவலில் வேறு வழி எடுத்தார். பிமலா, கணவன் நிகிலேஷ், சந்தீப் மூவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். கணவனின் பெட்டகத்திலிருந்து பிமலா தங்க நாணயங்களை எடுக்கும் இரவை அவள் சொல்வதையும், அதன் பிறகு ஆண்கள் இருவரும் அவளைப் பற்றிச் சொல்வதையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

நான் ஆண். ஐ.டி. வேலை. முதல் நாவல் எழுதுகிறேன், கதாநாயகி பெங்களூருத் தமிழ்ப்பெண். வாசித்த தோழிகள் “இவள் பெண் மாதிரி இல்லை” என்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமல் சொல்வதால், வழக்கமாகத் தப்பு நடக்கிற இடங்களைச் சொல்கிறோம்.

முதலில் கண்ணாடிக் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி முன் நிற்கும் பெண் தன் கண் மீன் போல, இடை கொடி போல என்று நினைப்பதில்லை. முகப்பரு காய்ந்ததா, ரவிக்கை அக்குள் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

பிறகு நாவலில் சேர்க்காவிட்டாலும் அவளுடைய ஒரு நாளைக் காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை அரை மணி அரை மணியாக எழுதுங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, யார் பிடிப்பது, வீட்டுச் சாவி யாரிடம், மாதவிலக்கு நாளில் எந்த வேலை மாறுகிறது, சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது, ஏ.டி.எம். கார்டு யார் பர்ஸில். இதில் நான்கு கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லையென்றால் அங்கேதான் பாத்திரம் ஓட்டையாக இருக்கிறது.

ஊர் விவரத்தில் கவனம் வேண்டும். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. அடையாள அட்டை காட்டினால் கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் கொடுப்பார். இன்று நடக்கிற கதையில் உங்கள் நாயகி சில்லறைக்குப் பையைத் துழாவினால் வாசகி அந்த வரியிலேயே இறங்கிவிடுவாள். அதே சமயம், அவள் ஓசூரிலிருந்து வேலைக்கு வருகிறவள், அட்டையில் தமிழ்நாட்டு முகவரி என்றால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். பக்கத்து சீட்டுக்காரி வாங்காதபோது இவள் வாங்குகிறாள். ஒரு முழுக் காட்சி அதற்குள் இருக்கிறது.

இரண்டு பெண்கள் தனியாக இருக்கும் காட்சி எத்தனை என்று எண்ணுங்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் காரில் அழைத்துப்போனவனிடம் சிக்கித் திரும்பிய மகள் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே அம்மா அலறிவிடுகிறாள், ஊருக்குத் தெரிகிறது, மகள் கங்காவின் வாழ்க்கையே வேறாகிறது. நாவலின் திருப்பம் காரில் வந்தவன் கையில் இல்லை. அம்மா கையில் இருந்தது. உங்கள் நாவலில் எல்லாத் திருப்பமும் ஆண்கள் வழியாகவே வந்தால் ஒன்றையாவது அவளுடைய அம்மா, அக்கா, அலுவலகத் தோழி யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள்.

அவளைப் பலாத்காரத்துக்கு உள்ளாக்கி அதிலிருந்து வீரம் பிறப்பதாக எழுதியிருந்தால் மறுபடி யோசியுங்கள். அவளுக்குக் கோபம் வர அத்தனை பெரிய காரணம் தேவையில்லை. ‘கோதான்’ தனியாவின் கோபம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத மருந்திலிருந்தும் வட்டிக்காரர்களிடமிருந்தும் வருகிறது.

கடைசியாக, பிரதியை மூன்று பெண்களிடம் கொடுங்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு வேலை. ‘பிடித்ததா’ என்று கேட்டால் மனம் நோகாமல் ஏதாவது சொல்வார்கள். ‘எந்தப் பக்கத்தில் நம்புவதை நிறுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். பக்க எண் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருத்தாதீர்கள். மூன்று நான்கு பக்கம் பின்னால் போங்கள். அவள் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றை அவளுக்குப் பதிலாக நீங்கள் செய்திருப்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.